பதறும் நாயும் மலைப் பாதையும்

நாயைக் கயிற்றிற் பிடித்துக்கொண்டு காலையில் உலாவி வருவது மிக எளிய காரியமென்றே சமவெளியில் வாழ்பவர் கருதுவர். அகன்ற தெருவும், இருபுறமும் ஒதுங்குதற்கு வெளியும் உள்ள ஊரில் அஃது எளிதாகவே இருக்கலாம். திம்புள்ளப் பகுதியில், 3,500 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், தேயிலைச் சரிவுகளை வளைத்து வெட்டிய தோட்டப் பாதைகளில் அதனைச் செய்து பார்த்தவர் அவ்வாறு சொல்லார். ஒருபுறம் ஆளுயர மண்மேடு, மறுபுறம் பள்ளம், நடுவே ஒரு லொறி செல்லுமளவு பாதை. வளைவுக்கு அப்பால் வருவது மனிதரா, மாடா, வேறொரு நாயா என்பது முகத்துக்கு முகம் நேரும்வரை தெரியாது. தென்மேற்குப் பருவமழைக் காலத்திலோ மூடுபனி இறங்கி, வளைவில்லாத இடத்தையும் வளைவாக்கி விடுகிறது.

இத்தகைய பாதையில் விடியற்காலையில் அடிக்கடி நிகழும் ஒன்றைக் காண்போம். பங்களா நாயைத் தோட்டக்காரர் ஒருவர் நடத்திச் செல்கிறார். எதிரே, பெரட்டு முடிந்து மலைக்குச் செல்லும் பெண்கள் நால்வர், கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டியவாறு, வளைவில் தோன்றுகின்றனர். நாய் நின்றுவிடுகிறது. அதன் வாய் மூடிக்கொள்கிறது, காதுகள் விறைக்கின்றன, முதுகு மயிர் எழுகிறது. மறுகணம் பின்னங்கால்களில் எழும்பி, கயிறு அறுந்துவிடுமோ என்னும்படி குரைத்துப் பாய்கிறது. பெண்களில் ஒருவர் ஒதுங்குகையில் கால் தவறிக் கானுக்குள் இறங்கி விடுகிறார். தோட்டக்காரர் கயிற்றை வெட்டி இழுத்து, நாயின் முதுகில் ஒன்று வைக்கிறார். பெண்கள் முணுமுணுத்தபடி விரைந்து கடந்து போகின்றனர். நாயும் அடங்குகிறது. மறுநாட் காலையில் அதே வளைவில் இவையனைத்தும் மீண்டும் நிகழ்கின்றன.

இந்த நாய் வீட்டில் எப்படிப்பட்டது என்று விசாரித்தால், பெரும்பாலும் வியப்பான விடையே கிடைக்கும். குழந்தையின் மடியில் தலை வைத்து உறங்குவதும், சமையற்காரரின் காலைச் சுற்றுவதும், கோழிக்குஞ்சைக் கண்டு விலகுவதும் இதே நாய்தான். பழந்தமிழர் வேட்டுவனுடைய நாயைக் கதநாய் என்றனர். கதம் என்பது சினம். பாதையிற் பாயும் நாயையும் அவ்வாறே சினமுடையதென்று பலரும் எண்ணிக்கொள்கின்றனர். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்தோர் வேறு விதமாகக் கூறுகின்றனர். இத்தகைய நாய்களிற் பெரும்பான்மையானவை அச்சத்தினாலேயே அவ்வாறு செய்கின்றன; சில, எதிரே வருவதனிடம் போய் முகர்ந்து பார்க்கும் ஆவல் கயிற்றினால் தடைப்படுவதால் துடிக்கின்றன. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆதலின் இதனைப் பதறும் நாய் என்று அழைப்பதே பொருந்தும். சிறிய காரணத்துக்குப் பெரிய ஆரவாரம் செய்வது அதன் அடையாளம்.

பதற்றம் எங்கிருந்து வருகிறது? பிறவிக்கூறு ஒரு பங்கு. நுவரெலியாவில் 1840களின் இறுதியிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் மரை வேட்டைக்கென வேட்டைநாய்க் கூட்டமொன்றை இம்மலைகளில் வைத்திருந்தார். அவருக்குப் பின் வந்த தோட்டத் துரைமாரும் தத்தம் நாட்டு நாய்களைக் கொண்டுவந்தனர். அசைவதைக் கண்டால் பாய்வதே அந்த வேட்டைநாய்களுக்குப் பெருமையாக இருந்தது. காவல் நாயினங்களோ அயலாரைக் கண்டால் குரைக்கவேண்டும் என்றே தேர்ந்தெடுத்துப் பெருக்கப்பட்டவை. இன்று அத்தகைய இனத்து நாயொன்றை ஆறடிக் கயிற்றிற் கட்டி, எதைக் கண்டாலும் பேசாது நட என்கிறோம்.

பிறவியைக் காட்டிலும் பெரிய பங்கு இளமைக்கு உண்டு. அமெரிக்காவில் ஜோன் போல் ஸ்கொட், ஜோன் புல்லர் என்னும் இருவர் ஐந்து இன நாய்களைப் பல்லாண்டு ஆராய்ந்து 1965இல் ஒரு நூல் வெளியிட்டனர். பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறையப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே நாய்க்குட்டி உலகத்தோடு உறவு கொள்ளும் காலம் என்பது அவ்வாராய்ச்சியின் முக்கியமான முடிபுகளில் ஒன்று. பதினான்கு வாரம் வரை மனிதரோடு பழகவிடாது வளர்க்கப்பட்ட குட்டிகள் பின்னர் மனிதரைக் கண்டு காட்டு விலங்குபோல் அஞ்சின என்பதும் 1961இல் வெளியான ஆய்வொன்றிற் காட்டப்பட்டது. இதனை மலைநாட்டு நிலைமையோடு ஒட்டிப் பார்க்கவேண்டும். மே மாதத்தில் ஒரு குட்டி பங்களாவுக்கு வருகிறது. அப்போதுதான் மழை பிடிக்கிறது. ஓகஸ்ட் வரை அது கண்டதெல்லாம் அடுப்பங்கரையும், வீட்டார் நால்வரும், யன்னலுக்கு வெளியே பனியும்தாம். கூடை சுமந்த உருவம், குடை பிடித்த உருவம், படங்கு கட்டிய உருவம், பாடசாலை விட்டு ஓடிவரும் பிள்ளைகள், மருந்துத் தெளிப்பானை முதுகில் ஏற்றிய ஆள் ஆகிய எதுவும் அதன் கண்ணிற் படவில்லை. மழை ஓய்ந்து அதனை வெளியே கொண்டுவரும் நாளில், அதன் இளமைக் கதவு சாத்தப்பட்டு விட்டது. மழையிலும் குட்டியைப் போர்வைக்குள் வைத்துத் தூக்கிச் சென்று, கொழுந்து மடுவத்தருகே சிறிது நேரம் நின்று வருபவர் பின்னாளில் பெரும் துன்பத்தைத் தவிர்த்துக்கொள்கிறார்.

இனிக் கயிற்றின் தன்மையைச் சற்று நோக்கவேண்டும். அஞ்சிய விலங்கின் முன் இரண்டு வழிகள் உண்டு: ஓடலாம், அல்லது எதிர்க்கலாம். கட்டில்லாத நாய் பெரும்பாலும் விலகியே செல்லும். லயத்து நாய்கள் பாதையோரத்திற் படுத்திருந்து, வேண்டாதவர் வருகையில் எழுந்து தேயிலைக்குள் மறைந்துவிடுவதைக் காண்கிறோம். கயிற்றிலுள்ள நாய்க்கு முதலாவது வழி அடைபட்டிருக்கிறது. ஆகவே அது இரண்டாவதைக் கையாளுகிறது. அதன் பயன் என்ன? கொழுந்துப் பெண்கள் போய்விடுகின்றனர். அவர்கள் நாய்க்காகப் போகவில்லை. நேரத்துக்கு மலையேறாவிட்டால் கணக்கப்பிள்ளையிடம் பதில் சொல்லவேண்டுமே என்று போகிறார்கள். நாய்க்கு அது தெரியுமா? தான் குரைத்தது, ஆபத்து அகன்றது என்பதே அது கற்கும் பாடம். எட்வர்ட் தோர்ண்டைக் என்ற அமெரிக்க அறிஞர் பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்துச் சோதித்து, நற்பயன் தந்த செயலை விலங்கு மீண்டும் செய்யும் என்று 1898இல் எடுத்துக்காட்டினார். திம்புள்ளப் பாதையில் அந்தச் சோதனை நாள்தோறும் பத்து முறை நடைபெறுகிறது. பாதையிற் செல்லும் ஒவ்வொருவரும், தாம் அறியாமலே, நாய்க்குக் குரைக்கக் கற்றுக்கொடுக்கின்றனர்.

அடித்தால் அடங்கும் என்ற எண்ணம் மிகப் பழையது. இன்றும் வலிமையுடன் இருப்பது. அடித்தவுடன் நாய் தற்சமயம் அடங்குவது உண்மையே. அதனால்தான் அந்த எண்ணம் சாவதில்லை. ஆனால் நாயின் உள்ளத்தில் நிகழ்வது யாது? ருசிய அறிஞர் ஐவன் பாவ்லோவ் நாய்களின் செரிமானத்தை ஆராய்ந்து 1904இல் நோபல் பரிசு பெற்றவர். உணவுக்கு முன் ஓர் ஒலியைத் தொடர்ந்து கேட்பித்தால், பின்னர் அந்த ஒலி கேட்டமாத்திரத்திலேயே நாயின் வாயில் நீர் ஊறும் என்று அவர் கண்டார். ஒன்றையடுத்து ஒன்று வருமாயின், முன்னது பின்னதன் அறிகுறியாகிவிடுகிறது. கூடை சுமந்த பெண் தோன்றுகிறாள். உடனே கழுத்து நெரிகிறது, முதுகில் அடி விழுகிறது. பத்து நாள் இவ்வாறு நடந்தால், கூடை என்பது அடியின் அறிகுறியாகிவிடும். முன்பு அந்நியமாயிருந்தது இப்போது பகையாகிவிடுகிறது. வேறொரு கேடும் உண்டு. உறுமினால் அடி விழும் என்று கற்ற நாய் உறுமுவதை விட்டுவிடும். உறுமல் என்பது நாய் தரும் முன்னறிவித்தல். அதனை இழந்த நாய் அறிவிப்பின்றிக் கடிக்கும். ‘நல்ல நாய், ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை, திடீரென்று கடித்துவிட்டது’ என்று சொல்லப்படும் பல நாய்களின் சரித்திரம் இதுவே.

கயிற்றைப் பிடித்த கையும் அறிகுறியாகிவிடுவதுண்டு. தூரத்தில் ஆள் தெரிந்தவுடன் நடத்துபவர் தம்மையறியாமல் கயிற்றை இறுக்குகிறார், மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். நாய் ஆளைக் காண்பதற்கு முன்பே கயிற்றின் இறுக்கத்தை உணர்ந்து, ஏதோ வருகிறது என்று தயாராகிறது. ஆகவே கழுத்தை நெரிக்கும் சங்கிலியை விட்டு, மார்பைச் சுற்றிவரும் அகன்ற பட்டியில் ஆறடிக் கயிற்றைத் தளர்வாகப் பிடிக்கவேண்டும் என்று இன்றைய பயிற்சியாளர் வற்புறுத்துகின்றனர்.

அப்படியாயின் வழி யாது? நாயைப் பற்றிய நூல்களுக்குச் செல்லுமுன், ஒரு குழந்தையின் வரலாற்றைக் கேட்பது நலம். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார் நியூயோர்க்கில், ஏறக்குறைய மூன்று வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் சிகிச்சை செய்தார். அறிவியல் நூல்கள் அவனைப் பீற்றர் என்று மட்டும் குறிப்பிடும். அவனுக்கு முயலைக் கண்டால் பெரும் அச்சம். அம்மையார் அவனுக்குப் பிடித்த உணவை உண்ணக் கொடுத்து, முயலை அதே அறையில், அவன் அமைதி கெடாத தூரத்தில், கூண்டிலே வைத்தார். அவன் உண்டான், முயலையும் பார்த்தான். பின்னர் கூண்டு சிறிது சிறிதாக அருகே வந்தது. இறுதியில் பீற்றர் அந்த முயலோடு விளையாடினான். இதற்குப் பல நாள் பிடித்தது. இடையே பின்னடைவும் இருந்தது. முயலைத் திடீரென அவன் மடியில் வைத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பதறும் நாய்க்கு இன்று கையாளப்படும் முறை முழுவதும் இந்தச் சிறுவனின் அறைக்குள் அடங்கியிருக்கிறது. அமைதி கெடாத தூரமும், பிடித்த உணவும், மெல்ல மெல்ல நெருங்கும் பொறுமையும் வேண்டும்.

தூரமே முதலாவது. ஒவ்வொரு நாய்க்கும் ஓர் எல்லை உண்டு. அதற்கு வெளியே ஆளைக் கண்டால், பார்க்கும், யோசிக்கும், அழைத்தால் திரும்பும். எல்லைக்குள் வந்துவிட்டால் எதையும் கேளாது. இறைச்சியை மூக்கில் வைத்தாலும் உண்ணாது. உண்ண மறுப்பது நெருங்கிவிட்டோம் என்பதன் தெளிவான சாட்சி. ஒரு நாயின் எல்லை நூறு அடியாக இருக்கலாம். இன்னொன்றினது முப்பது அடி. எல்லைக்கு வெளியே நின்று, ஆள் கண்ணிற்பட்ட அந்தக் கணத்தில், கடலை அளவான ஒரு துண்டு உணவைக் கொடுக்கவேண்டும். ஆள் மறைந்ததும் நிறுத்திவிடவேண்டும். அவித்த கோழி ஈரல் சிறந்தது. அது கிடையாத வீட்டில், காலையிற் சுட்ட ரொட்டியின் துண்டையும் பல நாய்கள் மறுப்பதில்லை. வரிசை முக்கியம்: முதலில் ஆள், பின்னர் உணவு. ஆள் வருமுன்னே உணவைக் காட்டினால், பாவ்லோவ் கூறிய முறைப்படி, உணவே ஆபத்தின் அறிகுறியாகிவிடும். சில வாரங்களில், ஆளைக் கண்ட நாய் தானாகவே நடத்துபவரின் முகத்தை நோக்கும். அந்த நோக்கைக் கண்ட பின்பே பத்தடி நெருங்கலாம்.

இதனைக் கேட்கும் மலைநாட்டு நேயர் ஒருவர் சிரித்திருக்கலாம். ‘தூரத்துக்கு எங்கே போவது? மேலே மண்மேடு, கீழே பள்ளம்!’ கேள்வி நியாயமானதே. மேல்நாட்டு நூல்கள் பூங்காவையும் அகன்ற புல்வெளியையும் எண்ணி எழுதப்பட்டவை. தோட்டத்தில் இடத்தால் தூரம் கிடைக்காது, நேரத்தால்தான் பெறவேண்டும். தோட்டத்தின் நாள் மணிக்கூடு போன்றது. விடியலிற் பெரட்டு, ஏழரைக்குப் பாடசாலை, முற்பகலிலும் நண்பகலிலும் மாலையிலும் கொழுந்து நிறுத்தல், ஒன்றரைக்குப் பிள்ளைகள் வீடு திரும்பல். இந்நேரங்களிற் பாதை நிறைந்திருக்கும். இடையிலுள்ள நேரங்களில் அதே பாதை வெறுமையாகும். பழக்கத்தின் காரணமாக விடியற்காலையிலேதான் நாயை உலாத்தவேண்டும் என்று கொள்பவர், நாளின் மிகக் கடினமான நேரத்தைத் தேடிப் பிடிக்கின்றனர். எட்டரை மணிக்கு மேல் புறப்பட்டாற் பாதித் தொல்லை குறையும். அன்று எந்த மலையில் கொழுந்து எடுக்கிறார்கள் என்று கேட்டறிந்து, எதிர்ப்பக்க மலைக்குச் செல்வதும் நன்று. எதிர்ச்சரிவில் வேலை செய்யும் மக்களைப் பள்ளத்தாக்குக்கு இப்பாலிருந்து பார்ப்பது, பதறும் நாய்க்கு வாய்க்கக்கூடிய சிறந்த பாடசாலை. மேல்நாட்டுப் பூங்காக்களில் இது கிடையாது.

நேருக்கு நேர் அகப்பட்டுக்கொள்ளும் சமயமும் வரத்தான் செய்யும். அதற்கென ஒரு பாடத்தை முற்றத்திலேயே முன்கூட்டிப் பழக்கவேண்டும். நடந்துகொண்டிருக்கையில் ‘திரும்பு’ என்று மெல்லிய குரலிற் சொல்லி, நடத்துபவர் தாமே திரும்பி நாலடி நடந்து உணவு கொடுக்கவேண்டும். ஆளில்லாத இடத்தில் நாள்தோறும் இருபது முறை செய்தால், அச்சொல்லைக் கேட்டவுடன் நாயின் கால்கள் தாமே திரும்பும். வளைவில் எவரேனும் தோன்றும்போது அதுவே துணை. திரும்ப வழியில்லையெனில், நாயை மண்மேட்டுப் பக்கம் ஒதுக்கித் தாம் இடையே நின்று, உணவுத் துண்டுகளைத் தரையிற் சிதறவிட்டால், குனிந்து பொறுக்கும் நாய் ஆளைப் பாராமலே இருந்துவிடும். குறுக்குப்பாதை பிரியும் இடங்களையும், லொறி ஒதுங்க வெட்டப்பட்ட இடங்களையும் முன்னரே மனத்திற் குறித்துக்கொள்வது நல்லது.

இங்கே ஒதுங்கவேண்டியவர் யார் என்பதில் ஐயம் கூடாது. கூடை நிறையக் கொழுந்தைச் சுமந்து வருபவர் ஒதுங்கலாகாது. புத்தகப்பையோடு வரும் பிள்ளை ஒதுங்கலாகாது. அப்பாதை அவர்களுடைய வேலைக்கும் கல்விக்கும் உரிய பாதை. துரைமார் காலத்தில் பங்களா நாய்க்கு வழிவிட்டு நின்ற வழக்கத்தைச் சிலர் இன்னும் மறக்கவில்லை. அதனை மறப்பதே நலம். நாயோடு வருபவர்தாம் முன்னதாகக் கண்டு விலகவேண்டும். விலகி நின்று, ‘அக்கா, நாயைப் பாக்காமப் பேசிக்கிட்டே போங்க’ என்றோ, ‘தம்பி, ஓடாத, மெதுவா நட’ என்றோ இதமாகச் சொன்னால் எவரும் மறுப்பதில்லை. உற்றுப் பார்ப்பதையும் ஓடுவதையும் நாய் பொறுக்காது. இதனை ஒருமுறை அறிந்த பிள்ளைகள் பெரியவர்களைக் காட்டிலும் நன்றாக நடந்துகொள்கின்றனர்.

லயத்து நாய்களின் துன்பம் வேறு வகையானது. பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பம் வாழ்கிறது. நாயை இஸ்தோப்புத் தூணில் குறுகிய சங்கிலியிற் கட்டுகின்றனர். அடுத்த காம்பராக்காரர் அனைவரும், அவர்களுடைய விருந்தினரும், ஓடி விளையாடும் சிறுவரும், அந்த நாயின் மூக்குக்கு இரண்டடி தூரத்தில் நாள் முழுவதும் கடந்து செல்கின்றனர். உலாவச் செல்லும் நாய் ஒரு மணி நேரம் பதறுமாயின், இந்த நாய் பன்னிரண்டு மணி நேரம் பதறுகிறது. உடலில் ஏறிய பதற்றம் உடனே இறங்குவதில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, மாலையில் ஒரு சிறு காரணத்துக்குப் பல்லாக வெளிப்படும். ஒற்றை லயமானால் நாயைப் பின்புறத்து மரக்கறித் தோட்டத்தருகே கட்டலாம். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் பின்புறமே கிடையாது. அங்கே ஒரு பழைய சாக்கைத் தொங்கவிட்டு, நாய்க்கும் நடைபாதைக்கும் இடையே மறைப்புச் செய்வதும் பயன் தரும். காணாததற்கு அஞ்ச வேண்டியதில்லை அன்றோ? மாலையில் அரைமணி நேரம் சங்கிலி நீக்கி, கயிற்றோடு நடத்திச் சென்று, புல்லையும் மண்ணையும் விரும்பியபடி முகரவிடுவது அதற்குப் பெரிய ஆறுதல். முகர்தல் நாய்க்கு நம் பத்திரிகை வாசிப்புப் போன்றது.

மாலை என்னும்போது சிறுத்தையை நினைக்காமலிருக்க இயலாது. டிக்கோயா, பொகவந்தலாவைப் பகுதிகளிலே தோட்டங்களுக்கு இடையிலுள்ள காட்டுத் துண்டுகளிற் சிறுத்தைகள் வாழ்கின்றன என்பதை ஆய்வாளர் தானியங்கி நிழற்படக் கருவிகளால் உறுதிப்படுத்தியுள்ளனர். அவற்றின் இரைகளில் நாயும் ஒன்று. எனவே பொழுது சாய்ந்த பின், காட்டோரப் பாதையில், ஒன்றும் தெரியாத தேயிலைப் புதரை நோக்கி நாய் விறைத்து நிற்குமாயின், அதனைப் பயிற்சிக்குரிய சந்தர்ப்பமாகக் கொள்ளாது உடனே திரும்பிவிடவேண்டும். நாயின் அச்சம் எப்போதும் பொய்யானதன்று. இவ்விடங்களிற் கயிற்றை அவிழ்த்துவிடுவதும் தகாது. பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பிகள் மரக்கறித் தோட்டங்களின் ஓரத்தில் மறைந்திருக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணியில் அருமையான கருஞ்சிறுத்தை ஒன்று அத்தகைய கம்பியில் அகப்பட்டு, சில நாட்களில் இறந்தது. சிறுத்தையைப் பிடிக்கும் கம்பி நாயையும் பிடிக்கும்.

இவையெல்லாம் ஒரு நாயின் நிம்மதிக்காக மட்டும் செய்யும் முயற்சியா என்று கேட்கலாம். விசர்நோயை எண்ணினால் அக்கேள்வி எழாது. இலங்கையில் 1893ஆம் ஆண்டிலேயே விசர்நாய்க்கென ஒரு கட்டளைச்சட்டம் பிறந்தது. எனினும் 1970களின் தொடக்கத்தில் இந்நாட்டில் ஆண்டுக்கு முந்நூறுக்கு மேற்பட்டோர் அந்நோயால் மாண்டனர். பின்னர் நாடளாவிய முறையில் நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றியதாலேயே அத்தொகை வெகுவாகக் குறைந்தது. 2006க்குப் பின், தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் பழைய வழக்கமும் கைவிடப்பட்டது. ஆகவே இன்று மனித உயிருக்கு அரணாக நிற்பது நாய்க்கு ஏற்றும் ஊசியே.

தோட்டங்களில் அந்த ஊசி பெரும்பாலும் முகாமாக நடைபெறுகிறது. பெரட்டுக் களத்திலோ, கொழுந்து மடுவத்திலோ, பிள்ளைக்காம்பரா வாசலிலோ எல்லா நாய்களையும் கயிற்றிற் கட்டி ஒரே நேரத்தில் வரச் சொல்கின்றனர். நாற்பது நாய், நாற்பது கயிறு, ஓயாத குரைப்பு. சாதுவான நாய்கள் வரிசையாக ஊசி பெற்றுத் திரும்புகின்றன. பதறும் நாயின் வீட்டார் அதனைக் கொண்டுவருவதில்லை. ‘அது அங்கே வந்தால் சண்டை பிடிக்கும், நாம் கேவலப்பட வேண்டும்’ என்று வீட்டிலே கட்டிவைத்து விடுகின்றனர். கடிக்கக்கூடிய நாய் எதுவோ, அதுவே ஊசி ஏறாத நாயாக எஞ்சுகிறது! தோட்டமொன்றில் இவ்வாறு ஐந்தாறு நாய்கள் தங்கிவிட்டால், முகாமின் பயன் பெருமளவு குறைந்துவிடும்.

இதற்கு ஏற்பாடு உண்டு. வாய்க்கூடை ஒன்றைப் பழக்கிவைப்பது முதல் வேலை. வாயை இறுக்கிக் கட்டும் துணியை விட, மூச்சுவிடவும் நாவைத் தொங்கவிடவும் இடம் கொடுக்கும் கூடையே ஏற்றது. அதனுள் உணவை இட்டு நாய் தானாகவே முகத்தை நுழைக்கும்படி இரண்டு மூன்று வாரம் பழக்கவேண்டும். முகாம் நாளன்று முதன்முதலாக மாட்டினால் அதுவே ஒரு போராட்டமாகும். ஊசி ஏற்றும் அலுவலரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்து, மற்றைய நாய்கள் திரும்பிய பின், இறுதியாக அழைத்து வருவது இரண்டாவது. அதுவரை நூறடிக்கு அப்பால், கட்டடத்தின் மறைவில், ரொட்டித் துண்டுகளோடு காத்திருக்கலாம். அலுவலர் பெரும்பாலும் இதனை விரும்பியே ஏற்பர். அவர்களுடைய கைக்கும் அது பாதுகாப்பு.

எத்தனை கவனமாயிருந்தும் கடி நேர்ந்துவிடலாம். கடித்தது வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்று சும்மா இருத்தல் கூடாது. காயத்தை ஓடும் நீரிலும் சவர்க்காரத்திலும் பதினைந்து நிமிடம் விடாது கழுவி, அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். தேவையான தடுப்பூசி அங்கே கட்டணமின்றிக் கிடைக்கும். காயத்தில் மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டுவது நோயைத் தடுக்காது; காலத்தை வீணாக்கும். விசர்நோய் வெளிப்பட்ட பின் மருந்தில்லை என்பது நினைவில் இருக்கவேண்டும். கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடுவதும் தவறு. அதனைக் கட்டிவைத்துப் பத்து நாள் கவனித்தால், அதற்கு நோயுண்டா இல்லையா என்பதை வைத்தியர் தீர்மானிக்க அது உதவும்.

பயிற்சி எத்தனை நாளில் முடியும் என்று பலரும் கேட்கின்றனர். இளைய நாயில் சில மாதங்களிலேயே மாற்றம் தெரியலாம். ஐந்தாறு ஆண்டு பதறிப் பழகிய நாய்க்கு ஓராண்டும் போதாமற் போகலாம். ஒருநாள் நன்றாக நடந்து, மறுநாள் பழையபடி பாய்வதும் வழக்கமே. முதல்நாள் இரவு குரங்குக் கூட்டம் கூரையில் ஓடியிருக்கும், அல்லது மழை இடியோடு பெய்திருக்கும். அத்தகைய நாளில் உலாவே வேண்டாம். முற்றத்துப் புல்லில் ஒரு பிடி உணவைத் தூவி, அரைமணி நேரம் மூக்கால் தேடவிட்டால் நாய்க்கு அதுவே போதும். சில நாய்கள் எத்தனை முயன்றும் ஐம்பதடிக்குள் அயலாரைச் சகிப்பதில்லை. அவற்றுக்கு ஐம்பதடியே வாழ்நாள் எல்லையென ஏற்று, மக்கள் நடமாட்டம் குறைந்த பாதையிலும், எட்டரை மணிக்குப் பின்னருள்ள நேரத்திலும், வாய்க்கூடையோடும் நடத்தவேண்டும். ஆண்டுதோறும் முகாமின் இறுதி ஊசிக்கும் தவறாது கொண்டுசெல்ல வேண்டும்.